மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிரீன்: உடலின் திசைகளைத் தமிழில் கற்பித்தவர்

தாமிரபரணியின் கரையில் நின்று வலக்கரை எது, இடக்கரை எது என்று கேட்டால், நிற்பவர் முகம் நோக்கும் திசைக்கேற்ப விடை மாறிவிடும். இக்குழப்பம் நேராதிருக்க, நீர்ப்பாசனப் பொறியாளர்கள் ஒரு விதி வைத்துள்ளனர். நீர் ஓடும் திசையை நோக்கி நின்றால் வலக்கைப் பக்கம் உள்ளது வலக்கரை. இடக்கைப் பக்கம் உள்ளது இடக்கரை. அவ்விதிப்படி வண்ணார்பேட்டையும் பாளையங்கோட்டையும் ஆற்றின் வலக்கரையில் உள்ளன. திருநெல்வேலி நகரம் இடக்கரையில் உள்ளது. பார்ப்பவர் எங்கு நின்றாலும் இது மாறுவதில்லை.

மனித உடலுக்கும் மருத்துவம் இத்தகைய விதியையே வகுத்துள்ளது. வலது என்றால் அது நோயாளியின் வலது. எதிரில் நிற்கும் மருத்துவரின் வலது அன்று. மேல், கீழ், முன், பின் ஆகிய சொற்களும் உடலையே அளவாகக் கொண்டவை. அவசர ஊர்திகளில் பணியாற்றப் பயில்வோர் தம் படிப்பின் தொடக்கத்திலேயே இப்பாடத்தைக் கற்கின்றனர். ஆனால் அவர்கள் அதனை ஆங்கிலச் சொற்களிலேயே கற்கின்றனர். நோயாளியும் உடனிருப்பவரும் வலியைச் சொல்வது தமிழில். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவைக் குறைப்பதற்காகத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒருவர், 19ஆம் நூற்றாண்டில் பாக் நீரிணைக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தார். அவர் பெயர் சாமுவேல் பிஸ்க் கிரீன். ஈழத்தவர் அவரைக் கிறீன் என்று எழுதுவர். அவருடைய வாழ்வையும், அதனூடாக நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிந்திருக்க வேண்டிய சில சொற்களையும் இப்பக்கம் விளக்குகிறது.

வூஸ்டரிலிருந்து மானிப்பாய்க்கு

கிரீன் 1822ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்டர் என்னும் ஊரில் பிறந்தார். கிரீன் ஹில் எனப்பட்ட பண்ணை நிலம் அக்குடும்பத்துக்கு உரியது. உடன்பிறந்தோர் பலர். அவர்களுள் ஒருவரான ஆண்ட்ரூ கிரீன், பிற்காலத்தில் நியூயார்க் நகரின் சென்ட்ரல் பூங்கா உருவாவதில் முதன்மையான பங்கு வகித்தவர். அமெரிக்கர்கள் அண்ணன் தம்பி இருவருள் ஆண்ட்ரூவையே நினைவில் வைத்துள்ளனர். தமிழர்களுக்கு முக்கியமானவர் மற்றவர்.

சாமுவேல் 1845இல் நியூயார்க்கில் மருத்துவப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு அக்டோபரில் பாஸ்டன் நகரின் பொது மருத்துவமனையில், ஈதர் ஆவியால் நோயாளியை மயக்கமுறச் செய்து அறுவை மருத்துவம் செய்யலாம் என்பது முதன்முறையாகப் பலர் முன்னிலையில் மெய்ப்பிக்கப்பட்டது. அதற்கு ஆறு மாதங்கள் கழித்து, 1847 ஏப்ரலில், அதே பாஸ்டன் துறைமுகத்தில் கிரீன் கப்பலேறினார். அமெரிக்க மிஷன் அவரை யாழ்ப்பாணத்துக்கு மருத்துவராக அனுப்பியிருந்தது. அவ்வாண்டு அக்டோபரில் அவர் வட்டுக்கோட்டையை அடைந்தார். வலியின்றி உடலைத் திறக்கும் வழியை மருத்துவ உலகம் கண்டறிந்த அவ்வேளையில்தான், உடலின் உள்ளுறுப்புகளுக்குத் தமிழில் பெயர் சொல்ல வேண்டிய இடத்துக்கு அவர் வந்து சேர்ந்தார்.

யாழ்ப்பாணத்துக்கு மேலை மருத்துவம் புதிதன்று. ஜான் ஸ்கடர் 1820ஆம் ஆண்டளவில் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணியைத் தொடங்கியிருந்தார்; அவருக்குப் பின் நேதன் வார்டு பணியாற்றினார். எனினும் பல நூறு சிற்றூர்களுக்கு ஒரே ஒரு மருத்துவர் என்ற நிலை மாறவில்லை. கிரீன் 1848இல் மானிப்பாய்க்கு இடம் மாறினார். அவ்வாண்டே மருத்துவம் பயில மாணவர்களைச் சேர்த்துக்கொண்டார். தாம் ஒருவராகவே எல்லோரையும் பார்த்துவிட இயலாது என்பதை வந்த மறு ஆண்டிலேயே அவர் உணர்ந்துவிட்டார் என்பது இதனால் தெரிகிறது.

மாணவர்களுக்கு அப்போது குறைவில்லை. வட்டுக்கோட்டைச் செமினரி 1823 முதல் இளைஞர்களுக்கு ஆங்கிலமும் அறிவியலும் கற்பித்துவந்தது. அங்கு படித்தவர்கள் கிரீனிடம் வந்து ஆங்கிலத்திலேயே மருத்துவம் பயின்றனர். வகுப்பு நன்கு நடந்தது. சிக்கல் பிறகு வந்தது.

ஆங்கிலம் கற்ற மருத்துவர்கள் எங்கே சென்றனர்?

ஆங்கிலத்தில் மருத்துவம் கற்றவர்களுக்கு அரசுப் பணி எளிதில் கிடைத்தது; நல்ல ஊதியமும் கிடைத்தது. பயிற்சி முடித்தவர் பலர் ஊரை விட்டு அவ்வழியே சென்றனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும், எந்த ஊர்களுக்காகக் கிரீன் அவர்களைப் பயிற்றுவித்தாரோ அந்த ஊர்களில் மருத்துவர் இல்லாத நிலையே நீடித்தது. வாந்திபேதி என அக்காலத்தவர் அழைத்த காலரா மீண்டும் மீண்டும் வந்தது. மிஷனின் மூத்த உறுப்பினரான டேனியல் பூர் 1855இல் மானிப்பாயிலேயே காலராவுக்குப் பலியானார். மருத்துவர் குடியிருந்த ஊரிலேயே நேர்ந்த இறப்பு இது.

தமிழிலேயே மருத்துவம் கற்பித்தால் கற்றவர்கள் ஊரிலேயே இருப்பர், ஊரார் மொழியிலேயே நோயை விளக்குவர் என்ற முடிவுக்குக் கிரீன் படிப்படியாக வந்தார். மருத்துவம் கற்பதற்காகத் தம் மாணவர்கள் ஊர் உடையையும் உணவையும் விட்டு வெள்ளையரைப் போல் வாழத் தலைப்படுவதும் அவருக்கு உவப்பாயில்லை. முடிவுக்கு வருவது எளிது. தமிழில் பாடநூல் எங்கே?

அவர் தாமே தமிழ் கற்றார். கால்வின் கட்டர் எழுதிய உடல்நூலை முதலில் எடுத்துக்கொண்டார். அதன் தமிழ் வடிவம் 1852இல் வெளிவந்தது. அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் என்பது அதன் பெயர். இன்றைய வாசகர் இப்பெயரைக் கண்டு சற்றே திகைக்கலாம். அங்காதிபாதம் என்பது இப்போது நாம் உடற்கூறியல் என்று கூறுவது. சுகரணம் என்பது உடலியங்கியல். உற்பாலனம் என்பது உடல்நலம் பேணுதல், அதாவது சுகாதாரம். மகப்பேற்றைப் பற்றிய மான்சலின் நூல் 1857இல் தமிழில் வந்தது. பத்தாண்டு உழைப்பால் உடல் தளர்ந்த கிரீன் அவ்வாண்டே விடுப்பில் தாயகம் புறப்பட்டார்.

அங்கே அவர் சில ஆண்டுகள் தங்கினார். 1862இல் மார்கரெட் வில்லியம்சை மணந்து, அவ்வாண்டே மனைவியுடன் யாழ்ப்பாணம் திரும்பினார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1864இல், முழுவதும் தமிழில் நடைபெறும் மருத்துவ வகுப்பை மானிப்பாயில் தொடங்கினார்.

சொல் தேடிய முறை

கிரீன் பின்பற்றிய ஒழுங்கு எளிமையானது. நோயாளிகளும் நாட்டு வைத்தியர்களும் ஏற்கெனவே வழங்கும் தமிழ்ச் சொல் இருந்தால் அதனைக் கொள்வது; இல்லையெனில் வடமொழியில் தேடுவது; அங்கும் பொருந்தும் சொல் கிடைக்காவிடில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு ஏற்ப மாற்றி எழுதுவது. வேதியியல் நூலுக்கு அவர் தரப்பில் வைத்த பெயர் கெமிஸ்தம் என்பது. கெமிஸ்ட்ரி தமிழ் வேட்டி கட்டி நிற்பது போன்ற சொல் அது. அறுவை மருத்துவத்துக்கு இரண வைத்தியம் என்றார். இரணம் புண்ணைக் குறிக்கும் சொல்லாகையால் ஊரார்க்கும் அது புரிந்திருக்கும்.

இரண்டாவது படியில்தான் அவர் அளவுக்கு மீறித் தங்கிவிட்டார் என்று தோன்றுகிறது. வடசொற்கள் அவர் நூல்களில் மிகுதி. அதே காலத்தில் திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856இல் வெளியிட்ட தம் ஒப்பிலக்கணத்தில், தமிழ் வடமொழியின் துணையின்றியே தனித்து இயங்க வல்லது என நிறுவ முயன்றார். கிரீன் இலக்கண ஆய்வாளர் அல்லர். படித்த தமிழர் எச்சொல்லை உயர்ந்ததென மதித்தனரோ அச்சொல்லை எடுத்துக்கொண்டார். அக்காலத்தில் அம்மதிப்பு வடசொல்லுக்கே இருந்தது. அதன் விளைவாக, நோயாளிக்காக ஆக்கப்பட்ட சில சொற்கள் நோயாளிக்கு எட்டாதனவாக நின்றுவிட்டன.

ஆயினும் தமிழில் உடலைப் பற்றிய சொல்வளம் குறைவு என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. உள்ளங்கை, புறங்கை, உள்ளங்கால், புறங்கால் ஆகிய சொற்களில் திசை பிறவியிலேயே அமைந்துள்ளது. மல்லாந்து, குப்புற, ஒருக்களித்து என்னும் மூன்று சொற்களால் படுக்கும் நிலைகள் மூன்றையும் ஐயமின்றிச் சொல்லிவிடலாம். மருத்துவம் இவற்றுக்கு இலத்தீன் மூலச் சொற்களை வைத்துள்ளது, அவ்வளவே. பாதத்தில் தொடங்கிக் கூந்தல் வரை உறுப்புகளை முறையாகச் சொல்லிச் செல்லும் பாதாதிகேசமும், கூந்தலில் தொடங்கிப் பாதம் வரை இறங்கும் கேசாதிபாதமும் தமிழ்ப் புலவர்களுக்குப் பழக்கமானவை. விபத்தில் அடிபட்டவரை அவசர மருத்துவ நுட்பநர் தலை முதல் கால் வரை வரிசை பிசகாமல் தொட்டுப் பார்ப்பதை நீங்கள் கண்டிருக்கலாம். அதுவும் ஒரு கேசாதிபாதமே. உறுப்பொன்று விடுபடாதிருக்க வேண்டும் என்பதே இரண்டிலும் வரிசையின் பயன்.

குறை வேறிடத்தில் உள்ளது. நம் அன்றாடச் சொற்கள் சில மிகவும் பரந்தவை. கை என்பது தோளிலிருந்து விரல்நுனி வரையிலும், கால் என்பது இடுப்பு மூட்டிலிருந்து கால்விரல் வரையிலும் செல்லும். கையில் அடி என்று மட்டும் சொன்னால், கேட்பவருக்கு மேற்கையா, முன்கையா, மணிக்கட்டா என்பது விளங்காது. இடுப்பு என்பதும் அவ்வாறே. முதுகின் கீழ்ப்பகுதியையும் இடுப்பு என்கிறோம். தொடை எலும்பு வந்து பொருந்தும் மூட்டையும் இடுப்பு என்கிறோம். திருநெல்வேலி வட்டாரத்தில் கீழ்முதுகு வலியைக் குறுக்கு வலி என்பர். அதனைப் பிற மாவட்டத்திலிருந்து வந்த மருத்துவப் பணியாளர் உடனே புரிந்துகொள்வார் என்பதற்கு உறுதியில்லை. இடம் பெயர்ந்த சொல் சிகிச்சையையும் இடம் பெயர்த்துவிடக் கூடும். முதியவர் ஒருவர் வழுக்கி விழுந்து இடுப்பில் வலி என்றால், அது கீழ்முதுகா, தொடை மூட்டா எனக் கைவைத்துக் காட்டச் சொல்வது நல்லது.

மனுஷ அங்காதிபாதமும் உடலின் திசைகளும்

தமிழ் வகுப்பு தொடங்கியபின் நூல்கள் அடுத்தடுத்து வந்தன. துருயிட் எழுதிய அறுவை மருத்துவ நூல், இரண வைத்தியம் என 1867இல் வெளிவந்தது. ஹூப்பரின் மருத்துவ நூல் வைத்தியாகரம் என 1872இல் வந்தது. அவ்வாண்டிலேயே ஹென்றி கிரேயின் புகழ்பெற்ற உடற்கூறு நூலைத் தழுவிய மனுஷ அங்காதிபாதமும் வந்தது. கிரேயின் நூல் இலண்டனில் முதன்முதல் வெளியானது 1858இல். பதினான்கே ஆண்டுகளில் அது தமிழுக்கு வந்துவிட்டது. அச்சு எழுத்துகளைக் கையால் கோத்த காலத்தில், எலும்பு எலும்பாக, நரம்பு நரம்பாகப் பெயரிட்டு, ஒருவர் மேற்பார்வையில் ஒரு சிற்றூரில் நடந்த பணி இது. சாப்மன், டான்போர்த், சுவாமிநாதன் முதலிய அவருடைய மாணவர்கள் மொழிபெயர்ப்பில் உடனுழைத்தனர். அவர்களின்றி இது நிகழ்ந்திராது. பெயர் மட்டும் கிரீனுக்கே நிலைத்தது.

உடற்கூறு நூல் ஒன்றை மொழிபெயர்ப்பவர் தப்பவியலாத பகுதி திசைச் சொற்களே. ஒவ்வோர் எலும்பின் விளக்கத்திலும் மேல்முனை, கீழ்முனை, முன்பக்கம், பின்பக்கம், உட்பக்கம், வெளிப்பக்கம் என்று வந்துகொண்டே இருக்கும். இவை எல்லாவற்றுக்கும் அடிப்படையாக ஒரே நிலை கொள்ளப்படுகிறது. ஒருவர் நிமிர்ந்து நிற்கிறார்; முகம் நேரே நோக்குகிறது; கைகள் பக்கவாட்டில் தொங்குகின்றன; உள்ளங்கைகள் முன்னோக்கியுள்ளன. நோயாளி மல்லாந்து கிடந்தாலும் குப்புறக் கிடந்தாலும், சொற்கள் இந்நிலையையே குறிக்கும். ஆகவே மல்லாந்து படுத்திருப்பவரின் தலை உடலளவில் மேலேதான் உள்ளது. அவரது மார்பு கூரையை நோக்கியிருந்தாலும் அது முன்பக்கமே.

திருநெல்வேலியில் மேல் என்பதற்கு மேற்கு என்றும் பொருளுண்டு. மேல ரத வீதியும் கீழ ரத வீதியும் அப்படிப் பெயர் பெற்றவை. உடலின் மேலும் கீழும் அத்தகையன அல்ல. தலையை நோக்கிச் செல்வது மேல், பாதத்தை நோக்கிச் செல்வது கீழ்.

நடுக்கோடு என்று மற்றொரு கருத்தும் உண்டு. நெற்றியின் நடுவிலிருந்து மூக்கு, தொப்புள் வழியாக இறங்கும் கற்பனைக் கோடு அது. அதற்கு அருகிலுள்ளது உட்பக்கம், விலகியுள்ளது வெளிப்பக்கம். முழங்காலின் உட்பக்கம் வலி என்று மருத்துவர் எழுதினால், மூட்டுக்கு உள்ளே என்று பொருளன்று; மற்ற முழங்காலை நோக்கிய பக்கம் என்பதே பொருள். இதனைப் பிழையாகப் புரிந்துகொண்டு அஞ்சுவோர் பலர்.

கைகால்களுக்கு அண்மை, சேய்மை என்னும் இரு சொற்கள் கூடுதலாக வேண்டியுள்ளன. இலக்கணத்தில் அண்மைச் சுட்டு, சேய்மைச் சுட்டு என்று பள்ளியில் படித்தவையே இவை. உடலின் நடுப்பகுதியோடு கை அல்லது கால் இணையும் இடத்துக்கு அருகிலிருப்பது அண்மை; தொலைவிலிருப்பது சேய்மை. முழங்கை, மணிக்கட்டுக்கு அண்மையிலும் தோளுக்குச் சேய்மையிலும் உள்ளது. முன்கை எலும்பு முறிந்து வந்தவரிடம் மருத்துவப் பணியாளர் விரல்களை அசைக்கச் சொல்வதும், மணிக்கட்டில் நாடி பார்ப்பதும், நகத்தை அழுத்திப் பார்ப்பதும் இதனால்தான். முறிவுக்குச் சேய்மையிலுள்ள பகுதிக்குக் குருதி செல்கிறதா, உணர்வு உள்ளதா என்பதை அவர்கள் அறிய விரும்புகின்றனர். அடிபட்டது ஓரிடம், பார்ப்பது வேறிடம் என்று உடனிருப்போர் பொறுமையிழக்க வேண்டியதில்லை. கட்டு அல்லது மாவுக்கட்டு போட்டபின் விரல்கள் மரத்துப்போனாலோ, நீலம் பாரித்தாலோ, வலி கூடிக்கொண்டே போனாலோ உடனே தெரிவிக்க வேண்டும் என்பதற்கும் காரணம் இதுவே.

வலம் இடம் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். பக்கவாதம் வந்தவருக்கு வலக்கையும் வலக்காலும் செயலிழந்திருக்க, படப் பரிசோதனை அறிக்கை மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டதாகக் கூறும். அறிக்கை மாறிவிட்டது என்று குடும்பத்தார் பதறுவதுண்டு. மாறவில்லை. மூளையின் இடப்பாதி உடலின் வலப்பாதியை இயக்குகிறது. எக்ஸ்ரே படத்திலும் சி.டி. ஸ்கேன் படத்திலும் நோயாளி நம்மை எதிர்நோக்கி நிற்பதைப் போல வலப்பக்கம் படத்தின் இடப்புறத்தில் காட்டப்படுவதே வழக்கம். படத்தை ஒளிக்கு நேரே பிடித்துப் பார்க்கும்போது இதனை நினைவில் கொள்ளுங்கள்.

விடைபெற்ற பின்

கிரீன் 1873இல் குடும்பத்துடன் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டார். அதற்குள் அறுபதுக்கும் மேற்பட்டோர் அவரிடம் மருத்துவம் பயின்றிருந்தனர். அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் தமிழில் பயின்றவர்கள். வூஸ்டரின் பண்ணை வீட்டுக்குத் திரும்பிய பிறகும் அவர் தமிழை விடவில்லை. பதிப்புப் பணிகள் கடல் கடந்தும் தொடர்ந்தன. கெமிஸ்தம் 1875இல் வெளிவந்தது. டால்டனின் உடலியங்கியல், மனுஷ சுகரணம் என 1883இல் வந்தது. அவர் தொகுத்த கலைச்சொற் பட்டியல்களும் அச்சேறின. அவர் மேற்பார்வையில் வந்த தமிழ் மருத்துவப் பக்கங்கள் 4000க்கும் மேற்பட்டவை. பேசுவதற்கு ஒரு தமிழர்கூட அருகில் இல்லாத ஊரில், பனி பொழியும் மாதங்களில், நரம்புக்கும் நாளத்துக்கும் தமிழ்ப் பெயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஒருவரை எண்ணிப் பார்க்க முடிகிறது.

1884ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் அவர் காலமானார். தாம் தமிழர்களுக்காகப் பணியாற்றிய மருத்துவர் என்பதைத் தம் கல்லறையில் பொறிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். வூஸ்டரில் உள்ள அக்கல்லில் தமிழர் என்னும் பெயர் ஆங்கில எழுத்தில் உள்ளது.

தமிழ் மருத்துவ வகுப்பு அவருக்குப் பின் நீடிக்கவில்லை. சொற்கள் கடினமாயிருந்ததே காரணம் என்று கூறுவோர் உண்டு. அது முழு உண்மையன்று. கொழும்பில் 1870இல் தொடங்கிய அரசு மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் கற்பித்தது. சென்னை மருத்துவக் கல்லூரியும் ஆங்கிலத்தில் கற்பித்தது. அரசுப் பணிக்கு அவற்றின் சான்றிதழே செல்லும். இன்னொரு காரணமும் உண்டு. இரண வைத்தியம் அச்சான அதே 1867இல்தான், கிருமி கொல்லி கொண்டு புண் அழுகாமல் காக்கும் முறையை லிஸ்டர் வெளியிட்டார். அடுத்த இருபதாண்டுகளில் அறுவை மருத்துவம் தலைகீழாக மாறியது. மருத்துவ நூல் ஒருமுறை மொழிபெயர்த்து வைத்துவிடக்கூடியதன்று; ஒவ்வொரு பதிப்பையும் தொடர்ந்து சென்று மொழிபெயர்க்க ஆள் வேண்டும். கிரீனுக்கு அத்தகைய வாரிசுகள் அமையவில்லை. அமைப்பும் பின்னில்லை. நூல்கள் அச்சான ஆண்டிலேயே நின்றுவிட, மருத்துவம் நகர்ந்து சென்றுவிட்டது.

சொல்லாக்கம் என்னும் பணி மீண்டும் எழுந்தபோது அதில் திருநெல்வேலிக்குப் பங்கிருந்தது. திருநெல்வேலியில் இயங்கிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் முயற்சியால் 1936இல் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாடு கூடியது. ஈழத்தவரான விபுலாநந்த அடிகள் அதற்குத் தலைமை வகித்தார். அறிவியல் துறைகள் பலவற்றுக்கும் உரிய சொற்கள் தொகுக்கப்பட்டு 1938இல் கலைச்சொற்கள் என்னும் நூலாயின. கிரீன் தயங்கி நின்ற இடத்தில் இவர்கள் துணிந்து தனித்தமிழை நாடினர். சுகரணம் போய் உடலியல் வந்தது. ஈழத்துக் கவிஞர் அம்பி 1967இல் கிறீனின் அடிச்சுவடு என்னும் நூலை எழுதி, ஏறத்தாழ மறக்கப்பட்டிருந்த அம்மருத்துவரைத் தமிழர்க்கு மீண்டும் அறிமுகம் செய்தார். மானிப்பாயில் அவர் பெயரால் கிரீன் நினைவு மருத்துவமனை உள்ளது.

அவசர ஊர்தியில் இரு மொழிகள்

திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி 1965இல் தொடங்கப்பட்டது. 108 அவசர ஊர்திச் சேவை தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கியது. வண்ணார்பேட்டையில் விபத்து நேர்ந்து ஒருவர் 108க்கு அழைக்கும்போது நடப்பதைச் சற்றே பிரித்துப் பார்க்கலாம். அழைப்பவர் தமிழில் சொல்கிறார். ஊர்தியில் வரும் நுட்பநர் தமிழில் கேட்டு, ஆங்கிலக் கலைச்சொல்லில் குறித்து, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவமனையின் மருத்துவரிடம் ஒப்படைக்கிறார். மருத்துவர் மீண்டும் தமிழில் குடும்பத்தாரிடம் விளக்குகிறார். சில மணித்துளிகளில் ஒரே காயம் இரண்டு முறை மொழிமாற்றம் பெறுகிறது. முதல் தமிழ்ச் சொல் துல்லியமாக இருந்தால் மற்றவை பிழையாக வாய்ப்புக் குறைவு.

எனவே அழைப்பின்போது முதலில் இடத்தையும் அடையாளத்தையும் கூறுங்கள். அடுத்து, அவர் விழித்திருக்கிறாரா, மூச்சு விடுகிறாரா என்பதைக் கூறுங்கள். மல்லாந்து கிடக்கிறாரா, குப்புறவா, ஒருக்களித்தா என்பதையும் சொல்லுங்கள். கழுத்திலோ முதுகிலோ அடிபட்டிருக்கலாம் என்று தோன்றினால், தீ, போக்குவரத்து போன்ற உடனடி ஆபத்து இல்லாதவரை அவரைத் தூக்கவோ உட்கார வைக்கவோ வேண்டாம். வலி அல்லது காயத்தின் இடத்தைச் சொல்லும்போது நோயாளியின் வலம் இடத்தையே சொல்லி, அருகிலுள்ள மூட்டின் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வலது முழங்காலுக்குக் கீழே, இடது மணிக்கட்டுக்கு மேலே என்பதைப் போல.

வலி இடம் மாறியிருந்தால் அதனை விடாமல் சொல்ல வேண்டும். தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி சில மணி நேரத்தில் அடிவயிற்றின் வலப்பக்கத்துக்கு நகர்ந்தால் குடல்வால் அழற்சியாக இருக்கக்கூடும். நெஞ்சின் நடுவில் அழுத்தம் தோன்றி இடக்கை, தாடை, முதுகு ஆகிய இடங்களுக்குப் பரவினால் மாரடைப்பாக இருக்கக்கூடும், காத்திருக்கக் கூடாது. முகம் ஒருபக்கம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் அது எந்தப் பக்கம், எந்த நேரத்தில் தொடங்கியது என்பதைக் குறித்துக்கொண்டு அழைக்க வேண்டும். பக்கவாதத்தில் தொடங்கிய நேரமே சிகிச்சையைத் தீர்மானிக்கும்.

சொல் தெரியாவிட்டால் தயங்க வேண்டாம். குறுக்கு, நெஞ்சுக்குழி, விலா, கெண்டைக்கால், குதிகால் ஆகிய ஊர்ச் சொற்களிலேயே சொல்லி, நுட்பநர் வந்ததும் கையால் தொட்டுக் காட்டுங்கள். மருத்துவர் கூறிய சொல் உங்களுக்குப் புரியாவிட்டால், அதனைத் தமிழில் விளக்குமாறு கேட்பது உங்கள் உரிமை. அவசர ஊர்திக்கு 108. மருத்துவ ஆலோசனைக்கும் தகவலுக்கும் 104.